எண்ணெய் குடித்த பிறேக் கட்டைகள்

அத்தான் சேற்றுக்குள் இருந்தார். விழுந்த மனிதர் எழும்ப முயலவில்லை. கால்களை நீட்டி, வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியும் விரித்தும் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடையதோ கை தன் தோளில் வந்து ஒட்டிக்கொண்டது போல.

சைக்கிள் சற்றுத் தள்ளி வாய்க்காலுக்குள் கிடந்தது. முன் சில்லு சேற்றில் புதைந்திருந்தது. பின் சில்லு வானத்தைப் பார்த்தபடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் இருந்த துளை போட்ட தட்டு, காலை வெயிலைப் பிடித்து மினுங்கியது.

"நொந்திட்டுதோ?" குளக்கட்டிலிருந்து ஓடிவந்த அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"பிறேக் பிடிச்சனான்," என்றார் அத்தான். "வடிவாப் பிடிச்சனான். நிக்கேல்லை."

மேலே, கட்டின் உச்சியில், கமக்காரர் சங்கத் தலைவரும் இன்னும் சிலரும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சமாதான காலத்தின் தொடக்க வருடங்களில் ஒரு சித்திரை மாதம். இடம் ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் குளம். என் நாட்குறிப்பில் திகதி உண்டு. வாசகருக்கு அது தேவைப்படாது. அன்று சனிக்கிழமை என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பம்பு தின்ற கை

அத்தான் பரமலிங்கம், என் அக்கா கமலாவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்தின் கீழ் காணி பெற்று நெல் செய்த குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. நான் அவர்களுடைய வளவில்தான் இருந்தேன். பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு.

அத்தானுக்கு இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். வன்னியில் அந்த நாட்களில் அப்படி ஒருவரைக் கண்டால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"ஷெல்லோ?"

"இல்லை. வாட்டர் பம்பு."

தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் பெல்ட்டில் சட்டைக் கை சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். "ஷெல் பட்ட ஆளெண்டால் பஸ்ஸில எழும்பி இடம் தருவாங்கள். பம்பு எண்டு சொன்னால், இருக்கிறவன் இன்னும் வடிவாச் சாய்ஞ்சு இருக்கிறான்," என்று அத்தானே சொல்லிச் சிரிப்பார்.

கையோடு சைக்கிளும் போயிற்று. எங்கள் சைக்கிள்களில் ரப்பர்க் கட்டைகள் சில்லின் விளிம்பை உரசித்தான் வேகத்தைக் குறைக்கும். கம்பி தளர்ந்து, கட்டை தேய்ந்த சைக்கிளை நிறுத்த இரண்டு கையின் பலமும் வேண்டும். ஒற்றைக் கையால் அத்தான் ஓடிப் பார்த்தார். ஒரு பயணம் வேலியில் முடிந்தது, இன்னொன்று மாட்டில். அதன்பின் நடந்தே திரிந்தார்.

நடந்து திரியும் ஆளுக்கு வன்னியில் பாதி நாள் வழியிலேயே கழிந்துவிடும்.

அந்த வருடம் சங்கத்துக்கு வாய்க்கால் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். சிறுபோகம் முழுவதும், காலையும் மாலையும், குளத்தின் மதகுக் கதவான துருசைத் திறந்து தண்ணீரைப் பின்தொடர்ந்து கடைசி வயல் வரை போகவேண்டும். வழியில் உள்ள சின்னக் கதவுகளை முறைப்படி திறந்து பூட்டவேண்டும். முறை பிழைத்தால் மண்வெட்டியோடு சண்டை வரும். ஆகவே எல்லாரும் நம்பும் ஆளாக இருக்கவேண்டும்.

அத்தானை எல்லாரும் நம்பினார்கள். துருசுச் சாவியை ஒற்றைக் கையால் திருப்ப முடியும் என்பதையும் செய்து காட்டிவிட்டார். மிச்சம் இருந்தது சைக்கிள் ஒன்றுதான். தன் வயலையே குத்தகைக்கு விட்டுவிட்டு, யாருக்கும் தேவைப்படாத ஆளாய் வளவைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். அந்த வேலையை எவ்வளவு விரும்பினார் என்பதை, அதைப் பற்றி அவர் வாயே திறக்காததிலிருந்து அறிந்துகொண்டேன்.

நோர்வேயிலிருந்து வந்த தட்டு

சண்டை நின்று பாதை திறந்ததும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அத்தானின் தம்பி நேசன் நோர்வேயிலிருந்து ஒரு சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுவந்தார். அதில் ஏறிப் பளைக்குப் போனார், ஆனையிறவு உப்புக் காற்றில் படம் எடுத்தார், கனகராயன்குளம் வரை ஓடிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். தலையில் கவசத்தோடு அவர் போவதைப் பார்த்து, குளவி கொட்டாமலிருக்கவோ என்று ஒரு கிழவர் கேட்டாராம்.

போகும்போது சைக்கிளை அண்ணனுக்கு விட்டுவிட்டுப் போனார். பிடித்துத் திருப்பும் கான்டிலின் இடது பக்கத்தில் பழைய ரியூப்பை வெட்டி ஒரு வளையம் கட்டியிருந்தார், அத்தானின் குறைக் கை அதற்குள் இருந்து கான்டிலைத் தாங்குவதற்காக.

அந்தச் சைக்கிளில் விளிம்பை உரசும் கட்டைகள் இல்லை. சில்லின் நடுவில் ஒரு மெல்லிய உருக்குத் தட்டு. தட்டின் ஓரத்தைத் தொடாமல் அணைத்தபடி, தீப்பெட்டி அளவில் ஓர் இரும்புக் கூடு. அதற்குள், தட்டின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயக் குற்றியை விடக் கொஞ்சம் பெரிது. கைப்பிடியை அமத்தினால், குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் போய் அவற்றைத் தள்ளும். அவை தட்டைக் கவ்வும்.

முதல் நாள் நேசன் பின் சில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெடலைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். கம்பிகள் தெரியாத அளவுக்கு வேகம். தட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு கடதாசி போகும் இடைவெளிதான், ஆனால் உரசும் சத்தமே இல்லை.

"அண்ணை, இப்ப கைப்பிடியை ஒரு விரலால தொடுங்கோ."

அத்தான் தொட்டார். சில்லு நின்றது. மெல்ல மெல்ல அடங்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்தது, பிறகு நின்றிருந்தது. நடுவில் எதுவும் இல்லை.

அக்கா தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனார். அத்தான் திரும்பச் சுற்றச் சொன்னார். திரும்ப நிறுத்தினார். நேசனுக்குக் கை நோகும் வரை அதையே செய்தார்.

வெளிக்கிடும்போது நேசன் சொன்னது இது: "இதுக்கு ஒண்டும் செய்யாதேங்கோ, அண்ணை. தன்ரபாட்டில ஓடும்."

ஒரு பொருளுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படியென்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

தேங்காய்ப்பூப் பிழிந்தவர்

நாலைந்து நாளில் அத்தான் ஒழுங்கை முழுவதும் ஓடப் பழகிவிட்டார். பின் சில்லின் பிறேக் வலது கைப்பிடியில் இருந்தது அவருக்கு வாய்ப்பாகிவிட்டது. சங்கத் தலைவர் சின்னராசா, "கட்டால இறங்கிக் காட்டு, பாப்பம்," என்றார்.

குளக்கட்டிலிருந்து வாய்க்கால் பாதைக்கு இறங்கும் இடம் செங்குத்து, சரளைக்கல். அடியில் பாதை சட்டென்று திரும்பும். திரும்பாத ஆள் வாய்க்காலுக்குள் போவார். அந்தச் சனிக்கிழமை அத்தான் "விலத்துங்கோ, விலத்துங்கோ" என்று கத்தியபடி அதற்குள்தான் போனார்.

சின்னராசா இறங்கி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"கோவிக்காதை, பரமலிங்கம். இதில நிக்காட்டி வாய்க்கால் பாக்கேலாது. வேலைக்கு எங்கட பெடியன் தேவனைக் கேட்டு வைக்கிறம். பொங்கலண்டைக்கு முடிவு சொல்லுவம்."

துருசு திறக்கும் நாளில் குளக்கட்டில் பொங்கிப் படைப்பது வழக்கம். அதற்கு இன்னும் ஒரு கிழமையே இருந்தது.

"சைக்கிளில ஏதும் பிழையோ?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"சைக்கிள் புதுசு. பிழை இதில," என்று கையைக் காட்டினார். "பம்பு அந்தக் கையை ஒரேயடியாக் கொண்டு போச்சுது. இது கொஞ்சம் கொஞ்சமாப் போகுது போல."

இரண்டு நாள் கழித்து அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சாந்தி, இவருக்கு என்னவோ. குசினிக்க வந்து, துருவின தேங்காய்ப்பூவைத் தா, நான் பிழியிறன் எண்டு நிக்கிறார்."

"பிழிஞ்சவரோ?"

"பிழிஞ்சவர். மாடு கறந்த மாதிரிப் பால் வந்தது. சக்கையைக் கையில வைச்சுப் பாத்தார். பிறகும் நம்பாமல் இன்னொரு தேங்காய் துருவச் சொன்னார். மூண்டு நேரமும் பால்கறிதான் சாப்பிடுறம்."

நேசனுக்குத் தொலைபேசி எடுப்போம் என்றேன். அத்தான் விடவில்லை. தந்த பொருளைக் குறை சொன்னால் தம்பி மனம் நோவானாம். கை போனதைச் சொன்னால் இன்னும் நோவானாம்.

மருந்து யன்னலில் றவூப் நானா

றவூப் நானா முல்லைத்தீவுக்காரர். ஊரை விட்டுப் போகவைக்கப்பட்டு, புத்தளத்தில் பல வருடம் இருந்து, பாதை திறந்தபின் திரும்பி வந்து மோட்டார் சைக்கிள் சாமான் கடை போட்டிருந்தார். எங்கள் பக்கம் வாடிக்கையாளரைப் பார்க்க வரும்போது, என் யன்னலில் பிரஷர் குளிசை வாங்கிக்கொண்டு போவார். அன்றும் வந்தார். குளிசையை எண்ணிக் கொடுத்தபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"சைக்கிளுக்கு டிஸ்க் பிறேக்கா?" என்றார். "மிஸ், மருந்தை மாத்திக் குடிச்சது நானா நீங்களா?"

"வந்து பாருங்கோ, நானா."

வந்தார். வாசலில் சைக்கிளைக் கண்டார். குந்தியிருந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். "அல்லாஹ்வே, எவ்வளவு சின்னன்," என்று தனக்குள் சொன்னார். பிறகு ஒரு விரலால் தட்டைத் தடவி, விரலை மூக்கில் வைத்தார்.

"தேங்காய் எண்ணெய்."

விரலைத் துணியில் துடைத்தார்.

"இதில ஆர் எண்ணெய் பூசினது?"

"நான்தான்," என்றார் அத்தான். "வெள்ளிக்கிழமை, கட்டால இறங்க முதல்நாள். கறள் பிடிக்கக்கூடாதெண்டு."

வெள்ளிக்கிழமை எண்ணெய்

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். வன்னியில் அந்தத் தலைமுறை சைக்கிளை எண்ணெயால்தான் உயிரோடு வைத்திருந்தது.

பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் சைக்கிள் சாமான் வராது. சோப்புக்கூட வராது. நோயாளி, நெல், விறகு, சவப்பெட்டி எல்லாம் சைக்கிளில்தான் போயின. ஒரு திருகாணி துருவேறிக் கறள் பிடித்துப் போனால் அதற்குப் பதில் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் சைக்கிளைக் கழுவித் துடைத்து, இரும்பு தெரியும் இடமெல்லாம் எண்ணெய் பூசினோம். சாமி விளக்குக்கு எண்ணெய் விட்ட கை, அப்படியே சைக்கிளுக்கும் போகும்.

பிறேக் கட்டை தேய்ந்தால் அதற்கும் பதில் இல்லை. செருப்புக் காலை முன் ரயரில் வைத்து அழுத்தி நிறுத்தினோம். ரப்பர் எரியும் மணத்தோடுதான் ஆட்கள் வீட்டுக்கு வந்து சேர்வார்கள். பிறேக் என்பது அன்று எங்களுக்கு மறந்துபோன ஆடம்பரம், எண்ணெய் மட்டும் கடமை.

தட்டைப் போல இவ்வளவு வெளுப்பான, இவ்வளவு மெல்லிய இரும்பை, அத்தான் எண்ணெயில்லாமல் எப்படி விடுவார்?

கை கழுவுதல்

"உள்ளுக்க எண்ணெய் இருந்தாத்தான் இது பிடிக்கும், அண்ணன். வெளியில ஒரு சொட்டுப் பட்டா, பிடிக்கவே பிடிக்காது," என்றார் றவூப் நானா. "கட்டை ரெண்டும் எண்ணெயைக் குடிச்சிட்டுது. நீங்க யானைப் பலத்தில பிடிச்சாலும் வழுக்கத்தான் செய்யும்."

அத்தான் தன் கையைப் பார்த்தார். பிறகு றவூப் நானாவைப் பார்த்தார்.

"அப்ப என்ர கை?"

"கைக்கு என்ன?"

அக்கா சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "என்ர தலைக்குக்கூட இவ்வளவு அக்கறையா ஒருநாளும் எண்ணெய் வைச்சு விட்டதில்லை."

அத்தான் சிரித்தார். ஆனால் முழுவதும் நம்பவில்லை. பிறேக் பிடிக்கும் வரை நம்பமாட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

றவூப் நானாவுக்கு மோட்டார் சைக்கிளின் பிறேக் தெரியும். ஆனால் இந்தக் கூட்டைத் திறக்க அவர் பயந்தார். "என்ர விரல் இதுக்குள்ள போகாது, மிஸ். உடைஞ்சா நோர்வேக்குத்தான் போகோணும்." மருந்துக் கட்டும் பொடியும் எடுத்துப் பழகிய விரல்கள் என்னுடையவை. நான் கழற்றுவது, அவர் பக்கத்தில் இருந்து சொல்வது என்று முடிவாயிற்று.

முதலில் அவரைக் கிணற்றடிக்கு அனுப்பி, சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவவைத்தேன். எண்ணெய்தான் பிழையென்றால், எண்ணெய்க் கையோடு யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. "கலியாணத்துக்குக்கூட இப்படிக் கழுவேல்லை," என்று முணுமுணுத்தபடி கழுவினார்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். பின் சில்லின் அச்சில் விரலால் திறக்கும் பூட்டைத் திறந்து, சில்லைக் கழற்றினோம். தட்டு கூட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கூட்டின் குறுக்கே ஒரு சின்ன ஊசி, நுனி மடித்தபடி. குறட்டால் நுனியை நேராக்கி இழுத்தேன். வந்துவிட்டது. அந்தப் பெரிய சைக்கிளின் முழு வேகத்தையும் மறிக்கும் பொருளை, கொண்டைக்குக் குத்தும் ஊசியைப் போன்ற ஒன்று பிடித்துவைத்திருந்தது.

கட்டைகள் இரண்டையும் சேர்த்து நுள்ளி எடுத்தேன். நடுவில், வண்ணத்துப்பூச்சி செட்டை விரித்தது போல ஒரு மெல்லிய வில்லுத் தகடு. எது எந்தப் பக்கம் இருந்தது என்று வெள்ளைத் துணியில் அதே ஒழுங்கில் வைத்தேன். கட்டைகளின் முகம் கண்ணாடி போல மினுங்கியது. றவூப் நானா அதைக் காட்டி, "இந்த மினுக்கம்தான் இதுக்குப் பிடிச்ச வருத்தம்," என்றார்.

தட்டை ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டு துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும் வரை துடைத்தேன். கட்டைகளின் முகத்தை அரத்தாளில் தேய்த்தோம். அது போதாது, உள்ளே இறங்கிய எண்ணெய் எரிய வேண்டும் என்றார் றவூப் நானா.

"கூட எரிஞ்சா?"

"கட்டை பின்னால ஒட்டியிருக்கிற தகட்டை விட்டுக் கழண்டிடும். பிறகு ஒண்டுமில்லை."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

அக்கா சிரட்டைக்கரி மூட்டினார். தணலின் மேல் தோசை திருப்பும் சட்டகப்பையை வைத்து, அதில் கட்டைகளை முகம் மேலாக வைத்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டிலிருந்தும் நூல் போலப் புகை எழும்பியது. தேங்காய் எண்ணெய் கருகும் மணம். வெள்ளிக்கிழமையின் மணம் என்று நினைத்தேன். நாலு பேரும் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். புகை மெலிந்தது, அறுந்தது. "எடு" என்று றவூப் நானாவும் அத்தானும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஆறியதும் தட்டிப் பார்த்தேன். கட்டை தகட்டை விடவில்லை. முகம் மங்கி, கரடாய், பனங்கட்டி உடைத்த இடம் போல இருந்தது.

வில்லுத் தகட்டை நடுவில் வைத்து, இரண்டு கட்டையையும் சேர்த்து அமத்திக் கூட்டுக்குள் விட்டேன். துளைகள் நேருக்கு நேர் வந்ததும் ஊசியைச் செருகி நுனியை மடித்தேன். சில்லை மாட்டவேண்டியதுதான் மிச்சம். தட்டு உள்ளே போக மறுத்தது.

"என்ன?"

குனிந்து பார்த்தால், கட்டைகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. நிமிர்ந்து பார்த்தால், அத்தானின் விரல் கைப்பிடியில்.

"சும்மா தொட்டுப் பாத்தனான்," என்றார்.

நடுவில் தட்டு இல்லாத நேரம் அமத்தினால் கட்டைகள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்று அன்று அறிந்தோம். ஆணியால் நெம்பலாம் என்றார் றவூப் நானா. நான் விடவில்லை, கீறல் விழும். நாக்கை அழுத்தித் தொண்டை பார்க்கும் மரத்தகடு ஒன்றை எடுத்து வந்து, கட்டைகளின் நடுவில் விட்டு, மெதுவாக அகற்றினேன். ஒரு மயிரளவு நகர்ந்தது. பிறகு இன்னொரு மயிரளவு.

"ஆ... எண்டு சொல்லச் சொல்லுங்கோ, மிஸ்," என்றார் றவூப் நானா.

தட்டு உள்ளே போனது. அத்தான் இப்போது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஆனாலும் முதல் ஓட்டத்தில் பிறேக் பிடிக்கவில்லை. அத்தான் ஒழுங்கையில் போய், அமத்தி, ஆடி அசைந்து எங்கோ போய் நின்றார். இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் பழைய முகம்.

"இல்லை, இல்லை, ஏறுங்கோ," என்றார் றவூப் நானா. "புதுசாக் கலியாணம் முடிச்ச ஆக்கள் மாதிரி. கட்டையும் தட்டும் பழகோணும். ஓடி நிப்பாட்டுங்கோ, ஓடி நிப்பாட்டுங்கோ."

ஓடி நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் நின்ற இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. பூவரச மரத்தடி, பிறகு படலை, பிறகு கிணற்றுக் கல். பொழுது சாயும்போது அத்தான் நினைத்த இடத்தில் நின்றார். அக்கா வாசலில் நின்று, கையால் வாயை மூடியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் நடந்ததை முன்னால்

அந்தச் சைக்கிள் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சண்டை திரும்பத் தொடங்கி, எல்லாரும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த கடைசி மாதங்களில், மணலில் உருட்ட முடியாத இடம் ஒன்று வந்தது. தெருவோரம் சைக்கிள்கள் சாய்த்தும் கிடத்தியும் குவிந்து கிடந்தன. அத்தானும் அதில் தன்னுடையதைச் சாய்த்தார். பிறகு கீழே குந்தினார். சில்லை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, ஊசியைப் பல்லால் நேராக்கி, ஒற்றைக் கையால் கட்டைகள் இரண்டையும் கழற்றி எடுத்தார். நான் பக்கத்தில் பையோடு நின்றேன். அவசரப்படுத்த மனம் வரவில்லை.

"இதைத்தான் தூக்கேலும்," என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அகதி முகாம் வாசலில் சோதித்தவர் அவற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். "பிறேக்," என்றார் அத்தான். அவர் அத்தானுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், சைக்கிள் எங்கே என்பது போல. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவை இப்போது அக்காவின் அலுமாரியில் இருக்கின்றன. எண்ணெய் படாத இடத்தில்.

பொங்கல் நாள்

குளக்கட்டில் பொங்கல் பொங்கி முடிந்திருந்தது. வாழையிலை, கற்பூரம், புகை. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மறுபக்கம் காய்ந்து வெடித்த வயல். நடுவில் துருசு. அவ்வளவு தண்ணீரையும் ஓர் ஆளின் அகலம்கூட இல்லாத கதவு ஒன்று பிடித்துவைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக அதைப் பற்றி யோசித்தேன்.

சின்னராசா தேவனைக் கூப்பிட வாய் எடுத்தபோது அத்தான் சொன்னார்: "தலைவர், இன்னொருக்கா இறங்கிக் காட்டட்டோ?"

"சேறு காயேல்லை, பரமலிங்கம்."

"சேத்துக்குப் போகமாட்டன்."

சின்னராசா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பருத்த மனிதர், மெதுவாகப் பேசுபவர். இறக்கத்தால் இறங்கினார். அடியில், பாதை திரும்பும் இடத்தில், வாய்க்காலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி நின்றார்.

"நான் இதில நிக்கிறன்," என்று மேலே பார்த்துக் கத்தினார். "என்னை இடிக்காட்டி வேலை உனக்கு."

"இடிச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இடிச்சா எனக்கும் குளிப்பு."

சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

அத்தான் ஏறினார். குறைக் கையை ரியூப் வளையத்துக்குள் செருகினார். மிதிக்கவில்லை, இறக்கமே இழுத்தது. சரளைக்கல் சில்லின் கீழ் நெரிந்து தெறிக்கும் சத்தம். பாதி இறக்கத்தில் அவர் இன்னும் பிறேக் பிடிக்கவில்லை என்று கண்டேன். ஏன் பிடிக்கவில்லை என்று இன்றுவரை கேட்கவில்லை. சின்னராசா அசையவில்லை.

பிறகு சத்தம் நின்றது. சரளைக்கல் சத்தமும், ஆட்களின் சத்தமும், எல்லாமே. கட்டின் மேல் இருந்து பார்த்தால், முன் ரயருக்கும் சின்னராசாவின் வேட்டிக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும்.

சின்னராசா அசையாமல் நின்றாரே தவிர, கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றிருந்தார்.

"கண்ணைத் திறவுங்கோ, தலைவர்," என்றார் அத்தான்.

திறந்தார். ரயரைப் பார்த்தார், பிறகு அத்தானைப் பார்த்தார். மடியிலிருந்து துருசுச் சாவியை எடுத்து நீட்டினார்.

அத்தானால் உடனே அதை வாங்க முடியவில்லை. இருந்த ஒற்றைக் கை பிறேக்கில் இருந்தது. நாங்கள் இறங்கி ஓடிப் போனபோதும் அவர் அந்தக் கையைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியில் ஒரே ஒரு விரல். மற்ற விரல்கள் எல்லாம் சும்மா இருந்தன.